டவருக்குப் போகும் லைன்: பாதி ஈ1-ஆ, முழு பாக்கெட்டா?

டவர் சைட்டுகளின் பேக்ஹாலை, அதாவது டவரை நெட்வொர்க்கின் மையத்தோடு இணைக்கும் லைனை, என்ன செய்வது என்று எங்கள் டிரான்ஸ்மிஷன் டீமில் ஏறக்குறைய ஒரு வருடம் வாக்குவாதம் நடந்தது. மேசையில் மூன்று வழிகள் இருந்தன. நிலையான வேகத்தில் பிட்டுகளைத் தரும் ஈ1 லைன்களையே இன்னும் கூட்டிக்கொண்டு போவது ஒன்று. பேச்சுக்கு ஈ1-ஐ அப்படியே விட்டுவிட்டு, டேட்டாவுக்கு மட்டும் பக்கத்தில், பாக்கெட்டுகளாக அனுப்பும் ஈதர்நெட் போடும் இரட்டை வழி இரண்டாவது. எல்லாவற்றையும் ஈதர்நெட்டுக்கு மாற்றி, 2ஜி கேட்கும் ஈ1-ஐ அதன்மேல் சூடோவயராக, அதாவது பாக்கெட்டுகளுக்குள் போலி ஈ1-ஆக, ஓட்டும் முழு பாக்கெட் வழி மூன்றாவது. நான் மூன்றாவதின் பக்கம் நின்றேன். கடைசியில் அதைத்தான் செய்தோம். அதனால் இந்த அலசல் தராசு பிடித்தாற்போல இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு ஈ1 என்பது 2.048 மெகாபிட், அதாவது 64 கிலோபிட் வீதம் 32 டைம்ஸ்லாட். ஜிஎஸ்எம் பேச்சை ஒரு டைம்ஸ்லாட்டில் நான்கு அழைப்பாக அடுக்கலாம் என்பதால், ஒரே ஈ1-இல் நூறு பேருக்கு மேல் பேசிக்கொண்டிருக்கலாம். பேச்சு மட்டுமே இருந்த காலத்தில் அது தாராளம். 3ஜி-யின் வேக டேட்டா முறையான எச்எஸ்டிபிஏ வந்து உச்ச வேகம் 14.4 மெகாபிட் ஆனதும் ஏழெட்டு ஈ1-களை ஒன்றாகக் கட்ட வேண்டியதாயிற்று. எல்டிஇ-யில், அதாவது 4ஜி-யில், 20 மெகாஹெர்ட்ஸ் உள்ள ஒரு செக்டர் (டவரின் ஒரு பக்கம்) 150 மெகாபிட் வரை கேட்கும். அதற்கு எழுபதுக்கும் மேற்பட்ட ஈ1 வேண்டும். டவரில் செக்டர் மூன்று. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உலக அளவில் மொபைல் டேட்டா, பேச்சைத் தாண்டியது 2009 டிசம்பரில் என்று எரிக்சன் அளந்து சொன்னது. ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் முதல் வணிக எல்டிஇ சேவை தொடங்கியதும் அதே மாதம்தான். அதன் பிறகும் ஈ1 மட்டும் போதும் என்பவரோடு வாதாட ஒன்றுமில்லை.

சரி, உண்மையான போட்டி இரட்டை வழிக்கும் முழு பாக்கெட்டுக்கும்தான்.

இரட்டை வழிக்காரர்கள் சொல்வது ஒன்றும் மட்டமான வாதமில்லை. ஓடுகிற பேச்சைத் தொடாதே, அறுந்தால் திட்டு நமக்குத்தான் என்றார்கள். நியாயம். ஆனால் சூடோவயர் அப்படி ஒன்றும் மர்மமான சரக்கல்ல. ஈ1-இல் வரும் பிட்டுகளை 256 பைட் துண்டுகளாக நறுக்கினால், ஒரு துண்டு சரியாக ஒரு மில்லி விநாடி. விநாடிக்கு ஆயிரம் பாக்கெட்டுகள் போகும், மறுமுனையில் அவற்றை வரிசைப்படுத்தி மறுபடி ஈ1-ஆக்கிக் கொடுப்பார்கள். ராத்திரி மூன்று மணிக்கு ஒருவர்கூடப் பேசாவிட்டாலும் அந்த ஆயிரம் போய்க்கொண்டே இருக்கும் என்பது ஒரு வீண் செலவு. பயன்படும் டைம்ஸ்லாட்டை மட்டும் எடுத்துப் போகும் வகையும் இருக்கிறது. பெரிய லிங்க்கில் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

டவருக்கு டவர் ரேடியோ அலையில் போகும் மைக்ரோவேவ் லிங்க்கில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பதும் முழு பாக்கெட்டுக்குத்தான் சாதகம். தெளிந்த வானத்தில், பிட்டுகளை அடர்த்தியாக ஏற்றும் 256 க்யூஏஎம்-இல் ஓடும் லிங்க், கனமழையில், குறைவாக ஏற்றினாலும் தாங்கும் க்யூபிஎஸ்கே-க்கு இறங்கினால் கொள்ளளவு நான்கில் ஒரு பங்காகிவிடும். பாக்கெட்டாக இருந்தால் பேச்சும் சிக்னலிங்கும் முதலில் போகும், யாரோ பார்க்கும் வீடியோ கொஞ்சம் திணறும். ஈ1-க்கு அந்த நெளிவு சுளிவு கிடையாது. பாதி ஈ1 என்று ஒன்று இல்லை. இருந்தால் முழுசாக இருக்கும், போனால் முழுசாகப் போகும்.

இவ்வளவு சொன்ன பிறகும் இரட்டை வழிக்காரர்கள் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது: க்ளாக். எங்கள் ஒரு வருட வாக்குவாதத்தில் பத்து மாதம் இதைப் பற்றித்தான்.

ஒரு பேஸ் ஸ்டேஷன் தன் அலைவரிசையை நூறு கோடியில் 50 பங்குக்கு மேல் பிசகாமல் பிடித்து வைக்க வேண்டும். 2 கிகாஹெர்ட்ஸில் அது வெறும் 100 ஹெர்ட்ஸ். அவ்வளவு துல்லியத்தைப் பெட்டிக்குள் இருக்கும் படிகம் வருடக்கணக்கில் தானாகத் தராது, வெளியிலிருந்து யாராவது தாளம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஈ1-இல் அந்தத் தாளம் இனாம். பிட்டுகள் வரும் வேகமே தாளம்தான். நெட்வொர்க்கின் மையமான கோரில் இருக்கும் மூல க்ளாக்கின் துடிப்பு லைன் வழியாக அப்படியே டவருக்கு வந்துவிடும். ஈதர்நெட்டில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் அதனதன் படிகம், அனுமதிக்கப்பட்ட பிசகு பத்து லட்சத்தில் 100 பங்கு. நமக்கு வேண்டியதைவிட இரண்டாயிரம் மடங்கு தளர்வு. அதனால்தான், “எல்லாவற்றையும் மாற்று, க்ளாக்குக்காக சைட்டுக்கு ஒரே ஒரு ஈ1-ஐ மட்டும் விட்டுவை” என்று அனுபவசாலிகளே சொன்னார்கள்.

நான் அப்போது அதை லேசாக எடுத்துக்கொண்டேன். 2008-இல் வந்த ஐஇஇஇ 1588 பதிப்பின் பிடிபி (பாக்கெட் வழியே நேரம் அனுப்பும் நெறிமுறை) இருக்கிறதே, நேரமுத்திரை குத்திய பாக்கெட்டுகளை அனுப்பினால் டவர் தானாகக் க்ளாக்கை மீட்டுக்கொள்ளும் என்று பேசினேன். முதல் கட்டமாக மாற்றிய சைட்டுகளில் அதைத்தான் போட்டோம். அந்தப் பாதையில் ஒரு துண்டு வேறொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த ஈதர்நெட்.

இரண்டு வாரம் கழித்து, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஹேண்டோவர் (டவர் விட்டு டவர் அழைப்பைக் கைமாற்றுவது) தோல்வி ஏற ஆரம்பித்தது. நின்ற இடத்தில் பேசுபவருக்கு ஒரு குறையும் இல்லை. போன், தான் பிடித்திருக்கும் டவரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஒரு டவரிலிருந்து அடுத்ததற்கு நகரும்போதுதான் அழைப்பு அறுந்தது. ரேடியோ ஆட்கள் ஆன்டெனா சாய்வைப் பார்த்தார்கள், நெய்பர் (அண்டை டவர்) பட்டியலைப் பார்த்தார்கள். அலாரம் ஒன்றும் இல்லை. க்ளாக் விளக்கு பச்சையாக, ‘லாக்டு’ என்று நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் ரூபிடியம் க்ளாக்கோடு ஒரு அலைவரிசை மானியை சைட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், பேஸ் ஸ்டேஷனின் டெஸ்ட் போர்ட்டில் சொருகி உட்கார்ந்தோம். மதியம் பிசகு நூறு கோடியில் பத்து பங்குக்குள் நின்றது. ராத்திரி எட்டரைக்கு எழுபதைத் தொட்டது.

வாடகைத் துண்டில் எங்கள் பிடிபி பாக்கெட்டுகள் மற்ற டேட்டாவோடு ஒரே வரிசையில் நின்றிருக்கின்றன. சாயங்காலம் கூட்டம் ஏற ஏற ஒவ்வொரு பாக்கெட்டும் முந்தையதைவிடக் கொஞ்சம் பிந்தி வரும். டவரில் இருக்கும் அல்காரிதத்துக்கு அது நெரிசல் என்று தெரியாது. மூல க்ளாக்தான் மெதுவாகிறது என்று நம்பி, தானும் மெதுவாகும். பாக்கெட் வந்துகொண்டே இருப்பதால் விளக்கு பச்சைதான். அந்த நிறுவனத்திடம் முன்னுரிமை வரிசை கேட்காமல் விட்டது எங்கள் தப்பு.

இவ்வளவு பட்டும் ஏன் முழு பாக்கெட் பக்கமே நிற்கிறேன்? க்ளாக் என்ற ஒன்றுக்காக ஈ1-ஐ வைத்திருப்பது, மணியோசை கேட்க யானையைக் கட்டித் தீனி போடுவது போல. அந்த ஒரு ஈ1-க்காக, அதைச் சுமக்கும் பழைய எஸ்டிஎச் பெட்டிகள், அவற்றின் ஸ்பேர், அவற்றைத் தெரிந்த ஆட்கள், தனி மேலாண்மைத் திரை என்று எல்லாம் ஓட வேண்டும். பழுதானால் கார்டு தேடி அலைய வேண்டும். மறுபக்கம், தாளத்தை ஈதர்நெட்டிலும் லைனிலேயே ஏற்றிவிடலாம். சிங்க்-ஈ என்பது அதுதான். போர்ட் தன் படிகத்தை விட்டுவிட்டு, மேலிருந்து வரும் பிட்டுகளின் வேகத்தையே பிடித்துக் கீழே தரும். நெரிசல் எவ்வளவு இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, ஈ1 மாதிரியேதான். ஒரே நிபந்தனை, வழியில் உள்ள ஒவ்வொரு பெட்டியும் அதைத் தெரிந்ததாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு சாதா ஸ்விட்ச் இருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்தது. எங்கள் சொந்த லிங்க்குகள் முழுக்க சிங்க்-ஈ ஆக்கினோம். வாடகைத் துண்டுக்கு அப்பால் உள்ள முதல் சைட்டில் ஜிபிஎஸ் ரிசீவர் வைத்து, அங்கிருந்து கீழே சிங்க்-ஈ இறக்கினோம். சாயங்கால ஹேண்டோவர் தோல்விக் கோடு படுத்துவிட்டது.

இன்னொன்று, இரட்டை வழியின் துருப்புச்சீட்டையே செல்லாததாக்குவது: டிடிடி. போனும் டவரும் ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசும் இந்த முறையில் பக்கத்துப் பக்கத்து டவர்கள் ஒரே வேகத்தில் துடித்தால் மட்டும் போதாது, ஒரே கணத்தில் துடிக்க வேண்டும். பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ விநாடிக்கு மேல் விலகக் கூடாது. ஈ1 வேகத்தைத்தான் தரும், நேரத்தைத் தராது. சிங்க்-ஈயும் அப்படியே. ஆகவே ஜிபிஎஸ் அல்லது வழி நெடுக ஆதரவுள்ள பிடிபி. அந்த பிடிபி-யிலும், போகும் தாமதமும் வரும் தாமதமும் சமம் என்ற ஊகம் உட்கார்ந்திருக்கிறது. போகும் ஃபைபர் இழையும் வரும் இழையும் 400 மீட்டர் வித்தியாசப்பட்டால் 2 மைக்ரோ விநாடி, அதில் பாதி, அதாவது 1 மைக்ரோ விநாடி, நேரப் பிழையாக வந்து நிற்கும். அனுமதியில் மூன்றில் இரண்டு பங்கு காலி. இதில் என் கைப்பட்ட அனுபவம் ஏழு சைட்டுகளோடு சரி, எல்லாவற்றிலும் ஜிபிஎஸ்-தான். நூற்றுக்கணக்கான சைட்டுகளில் பிடிபி-யை மட்டும் நம்பி டிடிடி ஓட்டுபவர்கள் சொல்வதை என் பேச்சுக்கு மேலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சைட்டை ஒப்படைக்கும் முன் இப்போது ஒரு முழு நாள் க்ளாக்கை அளக்கிறோம், அதில் சாயங்கால நெரிசல் கட்டாயம் வர வேண்டும். மூன்று சைட்டுகள் மட்டும் இன்னும் மாறவில்லை. அங்கே வாடகை லைன்தான் ஒரே வழி, கொடுப்பவர் முன்னுரிமை வரிசை தர மறுக்கிறார், கட்டடங்களுக்கு நடுவில் ஜிபிஎஸ்-க்கு வானமும் தெரியவில்லை. அங்கே ஈ1 ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.