மகளின் ஊசிக்குப் பணம் தர மறுத்த மருத்துவக் காப்பீடு: நான்காண்டு அனுபவம்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் சிறு கடை எங்களுடையது. வேலை பார்க்கும் நிறுவனம் எடுத்துத் தரும் காப்பீடு எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கிடையாது என்பதால், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மார்த்தாண்டத்தில் உள்ள ஏஜெண்ட் ஒருவர் வழியாக, நான், மனைவி, மகள் மூவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு ஒரு தனியார் நிறுவனத்தின் குடும்பப் பாலிசியை எடுத்தோம்.

அதில் நல்லது இல்லாமல் இல்லை. இரண்டாம் ஆண்டில் நாகர்கோவிலில் எனக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தபோது, மருத்துவமனை பில்லை நிறுவனமே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் வசதிக்குக் காலையில் கேட்ட அனுமதி மதியத்துக்குள் வந்தது. கையுறை போன்ற சில்லறைச் செலவுகளை மட்டுமே நாங்கள் கட்டினோம். அந்த நம்பிக்கையில்தான் பிரீமியத்தை ஒரு நாளும் தவறவிடாமல் கட்டி வந்தோம்.

மகளுக்கு ஏழு வயதானபோது, காலையில் எழுந்தால் முழங்காலை மடக்க முடியாமல் அழத் தொடங்கினாள். விரல் மூட்டுகளும் வீங்கின. குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்று திருவனந்தபுரத்தில் உள்ள வாதநோய் நிபுணர் கண்டறிந்தார். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போதிய பலன் தராததால், இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அடாலிமுமாப் ஊசி போட வேண்டும் என்றார். இந்தியாவிலேயே தயாராகும் ஊசிதான் என்றாலும், மாதம் இரண்டு ஊசிக்கான செலவு எங்கள் கடை வாடகையைவிட அதிகம். தொடக்கத்தில் மருத்துவமனையில், சேர்ந்த அன்றே வீடு திரும்பும் டே-கேர் பிரிவில் சேர்த்து ஊசி போட்டார்கள். நிறுவனமும் பணம் தந்தது. மூன்றே மாதத்தில் மகள் மறுபடியும் சைக்கிள் ஓட்டினாள்.

பாலிசியைப் புதுப்பித்த பிறகு வந்த முதல் க்ளெய்மே நிராகரிக்கப்பட்டது. ‘புறநோயாளியாகவே பெறக்கூடிய சிகிச்சை’ என்ற ஒற்றை வரிதான் பதில். அதே மருத்துவர், அதே பிரிவு, அதே ஊசி. முந்தைய மாதம் வரை பணம் தந்ததும் அதே நிறுவனம். வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒவ்வொரு முறையும் புதிய ஒருவர் பேசினார், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. அந்த அலைச்சலில் இரண்டு ஊசிகள் தவறின. மகளின் விரல்கள் மறுபடியும் வீங்கி, பென்சில் பிடிக்க முடியாமல் பள்ளியிலிருந்து திரும்பி வந்த நாளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு கடன் வாங்கி, வீட்டிலேயே ஊசி போடக் கற்றுக்கொண்டோம். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து அது. ஐஸ் பெட்டியில் வைத்துக் களியக்காவிளை வழியாகப் பஸ்ஸில் கொண்டு வருவோம், மழைக்காலத்தில் மின்சாரம் போனால் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் காத்திருப்போம். நான்கு ஊசிகளை அப்படிப் போட்டோம். வீட்டில் போட்டால் செலவும் குறைவு, குழந்தைக்கு அலைச்சலும் இல்லை. ஆனால் மருத்துவமனையில் சேராத மருந்துக்குப் பணம் இல்லை என்பதுதான் இத்தகைய பாலிசிகளின் பொதுவான அமைப்பு; புறநோயாளிச் செலவுக்குத் தனிப் பிரிவு எடுத்திருந்தால்தான் உண்டு. ஏஜெண்ட் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்களுக்கு வழி காட்டியவர் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருந்த ஒரு பெண். ஊசியாகச் செலுத்தப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஆய்வகத்தில் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) சிகிச்சை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட நவீன சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறது, அதற்கு உச்ச வரம்பு வைக்கலாமே தவிர அடியோடு விலக்க முடியாது என்று அவர்தான் சொன்னார். அடாலிமுமாப் அந்த வகை மருந்து. க்ளெய்மை நிராகரிக்கும்போது பாலிசியின் எந்த விதியின்படி என்று குறிப்பிட வேண்டும் என்பதும் 2024ஆம் ஆண்டின் சுற்றறிக்கையில் இருக்கிறது. எனவே, எந்த விதி என்று கேட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் அனுப்பினேன். டிஸ்சார்ஜ் சம்மரியையும், ஊசி ஏன் தேவை என்ற மருத்துவரின் கடிதத்தையும் இணைத்தேன். பழைய வரியே திரும்பி வந்தது. அதன்பின், காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு விண்ணப்பித்தேன். இதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அங்கிருந்து கடிதம் போன பிறகு, டே-கேரில் போட்ட ஊசிக்கான தொகையை நிறுவனம் தானாகவே அனுப்பியது. இனிமேல் டே-கேரில் போடும் ஊசிக்கும் தருவதாக எழுதியிருக்கிறது. ஆகவே பணம் கிடைப்பதற்காகவே, வீட்டில் ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய ஊசிக்கு, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஒன்பது வயதுக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் செல்கிறோம். நிறுவனத்துக்கும் இதில் கூடுதல் செலவுதான் என்பதை அவர்கள் ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

அறுவை சிகிச்சைக்கு இந்தப் பாலிசி உதவும். தொடர்ந்து மருந்து தேவைப்படும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். அந்த இரண்டும் நாகர்கோவிலில் கிடைத்த கேஷ்லெஸ் அனுமதிக்காக. வீட்டில் போட்ட நான்கு ஊசிகளுக்கான பில்களை இன்னும் கோப்பில் வைத்திருக்கிறேன்.