ஏர்பேக் விளக்கு எரிகிறது: எந்த வழியில் சரி செய்வது?

இக்னிஷனைப் போட்டதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியும். உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், அவர் முன்னே ஒரு வட்டம். சில விநாடிகளில் அது தானாக அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்தாலோ, ஏர்பேக்குகளை இயக்கும் கணினிப் பெட்டியான ஏர்பேக் மாட்யூல் தன் மின்சுற்றுகளில் எங்கோ ஒரு குறையைக் கண்டுவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் மோதினால் பை விரியும் என்று நம்பி இருக்க முடியாது. இக்னிஷன் போட்டும் விளக்கு எரியவே இல்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். பழைய வண்டி பார்க்கப் போனால் நான் முதலில் கவனிப்பது இதைத்தான். பல்பைப் பிடுங்கியோ, அந்த வயரை வேறொரு விளக்கின் வயரோடு முறுக்கியோ பழுதை மறைத்திருக்க வாய்ப்பு உண்டு.

விளக்கை அணைக்க வழிகள் நிறைய. எல்லாவற்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்: வேலை முடிந்த பிறகு வண்டி மோதினால் பை விரியுமா?

சின்ன ரீடரா, முழு ஸ்கேனரா

வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் (பழுதறியும் கருவியைச் செருகும் இடம்) செருகி கைபேசியில் பார்க்கும் சின்ன ரீடர்கள் பெரும்பாலும் இன்ஜின், புகை சார்ந்த பழுதுக் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக் மாட்யூலுக்குள் அவை எட்டிப் பார்ப்பதில்லை. "பழுது எதுவும் இல்லை" என்று ரீடர் காட்டுவதை நம்பி வண்டியை எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அது பார்க்காத இடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த படியில் இருப்பவை ஏர்பேக் குறியீட்டைப் படித்து அழிக்கும் ஸ்கேனர்கள். இவற்றில் வாங்கும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒவ்வொரு சுற்றின் மின்தடையை, அதாவது ஓம் அளவை, லைவ் டேட்டாவில் (அந்தந்த நொடியின் அளவுகள்) காட்டுமா? காட்டினால் பாதி வேலை முடிந்தது. காட்டாவிட்டால், "ஓட்டுநர் பக்கப் பை, மின்தடை அதிகம்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு மீதியை ஊகிக்க வேண்டியதுதான். நிறுவனத்தின் சொந்த ஸ்கேனர் இதற்கும் மேலே. ஆனால் அது உண்மையில் தேவைப்படுவது புது மாட்யூலை அந்த வண்டிக்கு ஏற்றபடி நிரல் ஏற்றும்போதும், சீட் எடை சென்சாரை அளவமைக்கும்போதும்தான். மற்றபடி லைவ் டேட்டா உள்ள நடுத்தர ஸ்கேனரே போதும் என்பது என் அனுபவம்.

குறியீட்டை அழித்துவிட்டுப் போவது மட்டுமே பழுதுநீக்கமாக அமையும் இடம் ஒன்று இருக்கிறது. பேட்டரி இறங்கிப்போய், வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பியிருந்தால், மின்னழுத்தம் குறைந்ததால் ஒரு பழைய பதிவு மாட்யூலில் தங்கியிருக்கும். பேட்டரியைச் சரி செய்து, பதிவை அழித்து, சில நாள் ஓட்டியும் விளக்கு திரும்ப வரவில்லை என்றால் சரி. வேறு எந்தப் பழுதிலும் அழிப்பது என்பது தள்ளிப்போடுவது மட்டுமே.

மல்டிமீட்டரை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது

பைக்குள் இருக்கும் பற்றவைப்பான் ஒரு மெல்லிய கம்பி. அதன் மின்தடை பெரும்பாலான வண்டிகளில் சுமார் 2 ஓம். ஓர் ஆம்பியருக்குச் சற்று மேலான மின்னோட்டம் ஓரிரு மில்லிவிநாடி பாய்ந்தாலே அது வெடித்துவிடும். மல்டிமீட்டரின் ஓம் அளவையும் தன் பங்குக்குச் சிறிது மின்னோட்டத்தை அனுப்பித்தான் அளக்கிறது. எனவே எந்த மீட்டரையும் பையின் முனையில் நேரடியாக வைக்கக் கூடாது. "சின்ன மீட்டர்தானே, ஒன்றும் ஆகாது" என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். வெடிப்பவை எல்லாம் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் இருக்கின்றன. அந்தப் பந்தயத்தைக் கட்டுவானேன்?

இதற்கு மாற்று, பையைக் கழற்றிவிட்டு அதே 2 ஓம் மின்தடை உள்ள சோதனைக் கருவியை அதன் இடத்தில் செருகுவது. பழுது மறைந்தால் குறை பையில். மறையாவிட்டால் குறை வயரில், கனெக்டரில் அல்லது மாட்யூலில். இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் ஊகத்துக்கு இடமில்லை. மாறாக, "பையை மாற்றிப் பார்ப்போம், போகவில்லை என்றால் வயரைப் பார்ப்போம்" என்று பாகம் மாற்றி மாற்றித் தேடுவது வண்டி உரிமையாளரின் பணத்தில் நடக்கும் தேடல்.

எந்த வழியில் போனாலும் முதலில் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, அந்த வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். சிலவற்றில் ஒரு நிமிடம், சிலவற்றில் இன்னும் கூடுதல். மோதலில் பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக மாட்யூலுக்குள் மின்தேக்கி வைத்திருக்கிறார்கள். அது வடிய அவகாசம் கொடுக்காமல் ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டரில் கை வைக்கக் கூடாது. கழற்றிய பையைத் தூக்கும்போது அதன் மூடிப் பக்கம் உடலுக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். மேசையில் வைத்தால் மூடி மேலே பார்க்கட்டும்.

சீட்டுக்கு அடியில்: துடைப்பதா, பின் மாற்றுவதா, சால்டர் வைப்பதா

மிக அதிகமாகப் பார்க்கும் பழுது இது. ஒரு வண்டி மூன்றாவது முறையாக என்னிடம் வந்தது. முதல் இரண்டு முறை வேறோர் இடத்தில் குறியீட்டை அழித்து அனுப்பியிருக்கிறார்கள். பதிவில் இருந்தது முன்பக்கப் பயணியின் சீட் பெல்ட் பிரிடென்ஷனர் (மோதும்போது பெல்ட்டைச் சுண்டி இறுக்குவது), மின்தடை அதிகம். லைவ் டேட்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தினேன். நடுவில் இருக்கும்போது 2 ஓமை ஒட்டி நின்றது. கடைசி வரை பின்னால் தள்ளியதும் எண் தாவி மேலே போனது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், வயர் கட்டு ஒரு கிளிப்பை விட்டு விலகி, சீட் நகரும்போதெல்லாம் மஞ்சள் கனெக்டரை இழுத்துக்கொண்டிருந்தது. கனெக்டருக்குள் ஒரு பெண் பின் மட்டும் வாய் அகன்றிருந்தது.

ஹாரனுக்கோ விளக்குக்கோ போகும் வயரில் ஓர் ஓம் கூடினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே ஓரிரு ஓம் கூடினாலே மாட்யூல் பழுது என்று பதிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத துருப் படலம் அதற்குப் போதும்.

சுத்தம் செய்யும் ஸ்ப்ரே அடித்துத் துடைப்பது அழுக்கு, ஈரம் மட்டுமே காரணமாக இருந்தால் பலன் தரும். பின் தளர்ந்திருந்தால் சில வாரங்களில் விளக்கு திரும்ப வரும், பெரும்பாலும் கையில் பணம் இல்லாத நேரத்தில். கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு வயரோடு வயரைச் சால்டர் வைப்பது இன்னொரு வழி. இதைச் செய்கிறவர்கள் பலர். விளக்கு அப்போதைக்கு அணையும் என்பது உண்மை. ஆனால் சால்டர் வைத்த இடம் கெட்டியாகி, சீட் நகர நகர அதன் ஓரத்தில் வயர் ஒடியும். கனெக்டருக்குள் இருக்கும் ஷார்ட்டிங் பாரும் போய்விடும். கனெக்டரைக் கழற்றியதும் பையின் இரு முனைகளையும் தானாக இணைத்து, நிலைமின்சாரத்தால் வெடிக்காமல் காப்பது அந்தச் சின்னத் தகடுதான். அடுத்து அந்த சீட்டைக் கழற்றப் போகிறவருக்கு நாம் செய்துவைக்கும் ஆபத்து அது.

நான் எடுக்கும் வழி பின்னை மட்டும் புதிதாகப் போட்டு, சரியான கருவியால் வயரோடு அழுத்திக் கவ்வவைப்பது, அதாவது கிரிம்ப் செய்வது. வண்டி நிறுவனம் தரும் பழுதுநீக்கத் துண்டு வயர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஏர்பேக் வயர்கள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். வெளியே இருந்து மின்குறுக்கீடு ஏறாமல் இருக்கத்தான் அந்த முறுக்கு, அதைப் பிரித்தபடியே விடக் கூடாது. சில நிறுவனங்கள் ஏர்பேக் வயரைப் பழுது பார்க்கவே கூடாது, முழுக் கட்டையும் மாற்ற வேண்டும் என்கின்றன. அந்த வண்டிகளில் அதற்கு மேல் பேச்சில்லை. முடிந்ததும் கனெக்டர் 'க்ளிக்' என்று உட்கார்ந்து, அதன் பூட்டும் அழுந்தியிருக்க வேண்டும். அரைகுறையாகச் செருகினால் ஷார்ட்டிங் பார் விலகாமல், "மின்தடை குறைவு" என்று நேர்மாறான பழுது எட்டிப் பார்க்கும்.

கிளாக் ஸ்பிரிங்: புதுசு, மாற்றுத் தயாரிப்பு, பழையது

ஏர்பேக் விளக்கோடு ஹாரனும் ஸ்டியரிங் பொத்தான்களும் சேர்ந்து படுத்துவிட்டால் சந்தேகம் நேராக கிளாக் ஸ்பிரிங் மேல் விழ வேண்டும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருட்டி வைத்த பட்டை நாடாபோன்ற கேபிள் அது. ஸ்டியரிங் சுற்றும்போது சுருங்கி விரிந்து மின்சாரத்தை உள்ளே கொண்டுபோகும். ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை திருப்பும்போது லைவ் டேட்டாவில் எண் குதித்தாலோ, உள்ளே உரசும் சத்தம் கேட்டாலோ சந்தேகம் உறுதி. இதைத் துடைத்தோ ஒட்டியோ சரி செய்ய முடியாது. மாற்றத்தான் வேண்டும்.

நிறுவனத்தின் புதுப் பாகம் நடுநிலையில் பூட்டப்பட்டு வரும். முன்சக்கரங்களை நேராக வைத்துப் பொருத்தி, பூட்டை எடுத்துவிட்டால் முடிந்தது. மாற்றுத் தயாரிப்புகளில் நல்லவையும் உண்டு. ஆனால் வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்து உள்ளே நாடாவில் வயர் எண்ணிக்கை குறைவாக இருப்பதும், ஸ்டியரிங் கோண சென்சார் பொருந்தாமல் போவதும் நடக்கும். பாக எண்ணை ஒப்பிட்டு, ஓட்டுநர் பைக்கான இரண்டு சுற்றும் இருக்கிறதா என்று உறுதி செய்தால் வாங்கலாம். இரண்டு கட்டமாக விரியும் பைகளில் பற்றவைப்பான் இரண்டு, சுற்றும் இரண்டு என்பதை மறக்காதீர்கள்.

உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழையதை நான் பொருத்துவதில்லை. எத்தனை லட்சம் முறை சுற்றியது என்று யாருக்கும் தெரியாது. கழற்றும்போது சுழன்று நடுநிலையை இழந்திருக்கும். நடுவைத் தவறவிட்டுப் பொருத்தினால், வண்டியை முழுக்கத் திருப்பும் முதல் நாளே நாடா அறுந்துவிடும். சேமித்த காசு அன்றே போய்விடும்.

பை விரிந்த பிறகு: மாட்யூலும் பைகளும்

மோதலில் பை விரிந்த வண்டியில் மாட்யூலுக்குள் மோதல் பதிவு எழுதப்பட்டிருக்கும். சாதாரண ஸ்கேனரால் அதை அழிக்க முடியாது. இங்கே மூன்று வழிகள் போட்டி போடுகின்றன.

புது மாட்யூல் வாங்கி நிரல் ஏற்றுவதுதான் பெரும்பாலான நிறுவனங்கள் சொல்லும் வழி. செலவு அதிகம், ஐயம் இல்லை. அதே மாட்யூலை அனுப்பி, உள்ளிருக்கும் நினைவகத்திலிருந்து மோதல் பதிவை அழித்து வாங்குவது இரண்டாவது. இதில் ஒரு நன்மை உண்டு: மாட்யூல் அந்த வண்டிக்கு உரியதாகவே இருக்கும். ஆனால் வெடிக்கச் செய்யும் சுற்று மறுபடி வேலை செய்யுமா என்பதை உண்மையில் வெடிக்கவிடாமல் யாரும் சோதித்துக் காட்ட முடியாது. அதன் உள்ளே முடுக்க சென்சார் இருக்கிறது, அது மோதலின் அதிர்வை வாங்கிய ஒன்று. தாங்கும் காது வளைந்திருந்தாலோ, கம்பளத்துக்கு அடியில் தண்ணீர் நின்று உள்ளே சர்க்யூட் பலகையில் பச்சைத் துரு ஏறியிருந்தாலோ, அழித்து வாங்கும் பேச்சையே எடுக்கக் கூடாது.

வேறு வண்டியின் பழைய மாட்யூலைப் போடுவது மூன்றாவது. இதைக் கடைசியில் வைக்கிறேன். எத்தனை பைகள், எந்த அளவு அதிர்வுக்கு விரிய வேண்டும் என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் வேறு. பாக எண் ஒரு எழுத்து மாறினாலும் வேண்டாம்.

பைகளில் என் முடிவு இன்னும் கடுமையானது. நிறுவனம் தரும் புதுப் பை மட்டும். போலி ஏர்பேக்குகள் பற்றி அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2012-லேயே எச்சரித்தது. சோதித்தவற்றில் சில விரியவில்லை, சில உலோகத் துண்டுகளை வீசின. மலிவான மாற்று இன்ஃப்ளேட்டர்களால் (பையை வாயுவால் ஊதவைக்கும் பாகம்) உயிர்கள் போன பிறகு 2024-இல் மீண்டும் எச்சரித்தது. பழைய பையை எடுத்தால் அதில் டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர் இருக்கும் அபாயமும் சேர்கிறது. அம்மோனியம் நைட்ரேட் பல ஆண்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, விரியும்போது உலோகக் கூட்டையே சிதறடித்தது அந்த வகை. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன, 2017-இல் அந்த நிறுவனம் திவாலானது. உங்கள் வண்டியின் சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். திரும்ப அழைக்கும் பட்டியலில் இருந்தால் அவர்களே இலவசமாக மாற்றித் தருவார்கள்.

பையோடு சேர்த்து, சுண்டி இறுகிய சீட் பெல்ட் பிரிடென்ஷனர்களையும் மாற்ற வேண்டும். பெல்ட் பிடிக்காத ஆளை நோக்கி விரியும் பை அடியாக விழும்.

மின்தடை வைத்து ஏமாற்றுவது

பை இல்லாத இடத்தில் 2 ஓம் மின்தடை ஒன்றைச் சொருகிவிட்டால் மாட்யூல் நம்பிவிடும், விளக்கு அணையும். சோதனைக்கு நான் பயன்படுத்துவதும் இதே மின்தடைதான், பத்து நிமிடத்துக்கு. அதை உள்ளேயே விட்டு மூடிவிட்டு வண்டியை விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டியில் ஏறும் குடும்பம் தங்கள் முன்னால் பை இருக்கிறது என்று நம்பித்தான் ஏறும். இதை ஒப்பிட என்னிடம் எதுவும் இல்லை. யாராவது இதைச் செய்து தருவதாகச் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

வீட்டில் எதுவரை

குறியீட்டைப் படிப்பது, சீட்டுக்கு அடியில் வயர் இழுபடுகிறதா என்று பார்ப்பது, சீட் உறை பக்கவாட்டுப் பை விரியும் தையலை மூடியிருந்தால் கழற்றுவது, பேட்டரி அழுத்தம் அளப்பது எல்லாம் நீங்களே செய்யலாம். பையைக் கழற்றுவது, கிளாக் ஸ்பிரிங், மாட்யூல் ஆகியவை பழகிய கைக்கு உரியவை.

வேலை முடிந்து வண்டியை வாங்கும்போது கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். இக்னிஷன் போட்டு விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். சீட்டை இரண்டு கடைசிக்கும் தள்ளி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து ஸ்கேனரை மறுபடி போடச் சொல்லுங்கள். பழைய பதிவு என்றுகூட எதுவும் புதிதாக ஏறியிருக்கக் கூடாது.