திருகோணமலையில் பழைய பாட்டுப் புத்தகம் கட்டக் கொடுத்த கதை

ஓர்கன் வாசிக்கிறவர்களுக்குப் புத்தகக் கட்டில் முதலில் வேண்டியது, திறந்த பக்கம் திறந்தபடி கிடப்பது. இரண்டு கையும் கட்டையில் இருக்கும், இரண்டு காலும் துருத்தியை மிதித்துக்கொண்டிருக்கும். பக்கம் தானாக மூடிக்கொண்டால் பாட்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும். எங்கள் ஆலயத்தில் முப்பத்துநான்கு வருடமாக வாசிக்கிறேன். எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது.

நான் கட்டக் கொடுத்த புத்தகம் 1933இல் வெளிவந்த மெதடிஸ்த பாடல் புத்தகத்தின் இசைப் பதிப்பு. 984 பாட்டு, நான்கு குரலுக்கும் சுரம் போட்டது. தூக்கினால் கை வலிக்கும். நாங்கள் தமிழில் பாடும் பாமாலைப் பாட்டுகள் பலவற்றுக்கும் மெட்டு இதில்தான் இருக்கிறது. ஏழெட்டு வருடத்துக்கு முன் வேறோர் ஊரில் இதைக் கட்டக் கொடுத்தோம். முதுகை வெட்டி எடுத்து, பசை பூசி ஒட்டி, மூன்று ஓரத்தையும் மெஷினில் சீவித் தந்தார்கள். பார்க்கப் புதுப் புத்தகம் போலத்தான் இருந்தது. ஸ்டாண்டில் வைத்தால் படார் என்று மூடும். உடுப்புக் கிளிப் இரண்டு போட்டு வாசித்துச் சமாளித்தேன்.

அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. இந்த மாதிரிப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ஓர் ஓரத்தில் மெட்டின் பெயரும், மறு ஓரத்தில் மெட்டமைத்தவர் பெயரும் சின்ன எழுத்தில் இருக்கும். மேல் ஓரத்தைச் சீவியபோது பல பக்கங்களில் அந்த வரி பாதியாகவோ முழுதாகவோ போய்விட்டது. சுரம் இருக்கிறது, அதை எழுதியவர் இல்லை. எனக்கு அது உண்மையாகவே மனவருத்தம்.

சரி, இந்தக் கடைக்கு வருகிறேன். ஏகாம்பரம் வீதிப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் பள்ளிக்கூட இடாப்புகளும் கணக்குப் புத்தகங்களும் அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். நடத்துகிறவர் அறுபது வயது கடந்த ஒரு நானா (முஸ்லிம் அண்ணரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). புத்தகத்தைக் கையில் வாங்கி, முதுகைப் பார்த்து, ஒரு பக்கத்தை விரித்துப் பார்த்துவிட்டு, “டீச்சர், இதை மடிப்போட வெட்டிப் போட்டாங்களே” என்றார். அவர் குரலில் என்னுடைய வருத்தமே இருந்தது. அங்கேயே கொடுக்க முடிவு செய்துவிட்டேன்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதுகை வெட்டியதால் எல்லாம் ஒற்றைத் தாளாகிவிட்டன. ஒற்றைத் தாளை ஊசி போட்டுத் தைக்க முடியாது, கிழியும். நானா என்ன செய்தார் என்றால், இரண்டிரண்டு தாளாக எடுத்து, நடுவில் மெல்லிய தாள் கீற்று ஒட்டி, மறுபடி மடிப்பாக்கினார். அப்படி மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்துக் கட்டாக்கி, ஒவ்வொரு கட்டையும் மடிப்பின் நடுவில் நூலால் தைத்து அடுத்த கட்டோடு கோத்தார். பசை அவரே காய்ச்சுகிறார். கோதுமை மாவில் கொஞ்சம் மயில்துத்தம் போட்டது. இந்தக் கடற்காற்று ஈரத்தில் இராமபாணப் பூச்சி மாவுப் பசையை விடாது, மயில்துத்தம் இருந்தால் கிட்ட வராது என்றார். பழைய செலோடேப்புகளை ஒவ்வொன்றாகச் சூடு காட்டி உரித்தார். மஞ்சள் கறை மட்டும் போகவில்லை.

மூன்றாம் கிழமை போய்ப் பார்த்தபோது, கிழிந்த தாள்களை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தார். முப்பத்தொரு தாள். “கனக்க இடத்தில ஒரே பேர்தான் கிடக்கு டீச்சர். ஜே. பி. டைக்ஸ். ஆரு இவர்? நம்மட டைக் வீதி இவர்ட பேரிலயா?”

டைக் வீதிக்கும் இவருக்கும் தொடர்பில்லை என்றேன். பிறகு இருவருமாக எண்ணிப் பார்த்தோம். பன்னிரண்டு தாள். நான் அதுவரை யோசித்ததே இல்லை. எங்கள் சபை எந்த மெட்டை அடிக்கடி கேட்டதோ, என் விரலும் எனக்கு முன் வாசித்தவர்களின் விரலும் எந்தப் பக்கத்தை அடிக்கடி புரட்டியதோ, அந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது. அதில் பன்னிரண்டு ஒரே மனிதருடையது.

ஜோன் பாக்கஸ் டைக்ஸ் 1823இல் இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரத்தில் பிறந்தவர். பாட்டனார் அங்கே ஒரு ஆலயத்தின் குரு. பத்து வயதிலேயே பையன் அந்த ஆலயத்து ஓர்கனில் உட்கார்ந்துவிட்டான். கேம்பிரிட்ஜில் படித்து, குருத்துவம் பெற்று, 1849இல் டர்ஹம் பேராலயத்துக்குப் போய், அங்கே பாடல் பொறுப்பை ஏற்றார். 1860இல் ஒரு புதிய பாட்டுப் புத்தகம் தயாராகிறது என்று கேள்விப்பட்டு, யாரும் கேட்காமலே தன் மெட்டுகள் சிலவற்றை அதன் இசைப் பதிப்பாசிரியர் மொங்க் என்பவருக்கு அனுப்பினார். அடுத்த வருடம் வந்த புத்தகத்தில் ஏழு மெட்டு ஏறியது. அதற்குப் பிறகு கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். முந்நூறுக்கு மேல் எழுதினார்.

அந்த ஏழில் ஒன்று ‘நைசீயா’. தமிழில் நாங்கள் ‘தூய தூய தூயா’ என்று பாடுவது இந்த மெட்டில்தான். ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். முதல் ‘தூய’ சட்ஜத்தில், இரண்டாவது காந்தாரத்தில், மூன்றாவது பஞ்சமத்தில். ச ச, க க, ப ப. மூன்று படி ஏறியதும் தைவதம். திரித்துவத்தை, அதாவது ஒரே கடவுள் மூவராய் இருப்பதைப் பற்றிய பாட்டுக்கு மூன்று படி வைத்து, அந்தக் கோட்பாட்டை உறுதி செய்த கி.பி. 325ஆம் ஆண்டுச் சங்கம் கூடிய ஊரின் பெயரையே மெட்டுக்கும் வைத்தார். தமிழில் மொழிபெயர்த்தவரும் அந்த ஏற்றத்துக்குச் சரியாகச் சொல்லை வைத்திருக்கிறார். சின்னப் பிள்ளைகள்கூடப் பிசகாமல் பாடுவது அதனால்தான் என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்தில் அந்தப் பாட்டை எழுதியவர் ரெஜினால்ட் ஹீபர், கல்கத்தா ஆயர். அப்போது இலங்கையும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது, 1825இல் இங்கே வந்தும் போயிருக்கிறார். அடுத்த வருடம் ஏப்ரல் 3ஆம் திகதி திருச்சிராப்பள்ளியில் குளிக்கப் போன இடத்தில் இறந்துபோனார். அங்கேயே புதைத்தார்கள். டைக்ஸுக்கு அப்போது மூன்று வயது. தான் எழுதிய பாட்டை இந்த மெட்டில் ஹீபர் கேட்டதே இல்லை. இதைச் சொன்னபோது நானா தைக்கிற நூலைப் பிடித்தபடி, “கேட்காமலே போயிட்டாரா” என்றார்.

அதிகம் கிழிந்த பக்கம் ‘மெலித்தா’. கடலில் ஆபத்தில் இருக்கிறவர்களுக்கான மன்றாட்டுப் பாட்டு. சொல் வைட்டிங் என்ற ஆசிரியருடையது, மெட்டு டைக்ஸ். பவுல் கப்பல் உடைந்து கரைசேர்ந்த தீவின் பெயரை மெட்டுக்கு வைத்தார். இடை வரிகளில் குரல்கள் அரைச்சுரம் அரைச்சுரமாக மேலே ஏறும், தண்ணீர் ஏறுவது போல. பிரிட்டிஷ் கடற்படை இங்கிருந்து போனது 1957இல். அதற்கு முன் இந்தத் துறைமுக ஊரில் இதை எத்தனை முறை பாடியிருப்பார்கள்! எஸ்பிளனேட் மயானத்தில் கிடக்கும் அட்மிரல் சார்ல்ஸ் ஒஸ்டின், நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, 1852இல் பர்மாப் போரில் ஆற்றின் மேல் கப்பலிலேயே இறந்தவர். மெட்டு வந்தது ஒன்பது வருடம் கழித்து. நான் அதை மறக்க முடியாதபடி வாசித்தது 2005 ஜனவரி 2ஆம் திகதி, சுனாமிக்கு அடுத்த ஞாயிறு. மூன்றாம் அடியில் யாரும் பாடவில்லை. ஓர்கன் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

நானாவின் தம்பி கிண்ணியாவில் கடல் தொழில் செய்கிறவர். “அந்தப் பாட்டை ஒருக்கால் முனகுங்க டீச்சர்” என்றார். முனகினேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

டைக்ஸின் கடைசிக் காலம் நல்லதாக இல்லை. 1862இலிருந்து டர்ஹமில் புனித ஒஸ்வால்ட் பங்கின் குருவாக இருந்தார். பங்கு பெரியது, உதவிக் குரு வேண்டும். பிஷப் சார்ல்ஸ் பேரிங்குக்கு டைக்ஸின் வழிபாட்டு முறை பிடிக்கவில்லை. இன்னின்னது செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் உதவிக் குருவுக்கு அனுமதி என்றார். டைக்ஸ் நீதிமன்றம் போனார், 1874இல் வழக்குத் தள்ளுபடியானது. தனியாளாகப் பங்கைச் சுமந்து உடம்பு முறிந்து, 1876 ஜனவரி 22ஆம் திகதி இறந்தார். வயது 52. சபைகள் அவருடைய மெட்டில் பாடிக்கொண்டிருந்த அதே நாட்களில் அந்த மனிதருக்கு ஒரு உதவியாள் கிடைக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நானா கேட்காமலே ஒரு வேலை செய்தார். பெயர் வெட்டுப்பட்ட தாள்களின் மேல் ஓரத்தில் விரலளவு வெள்ளைக் கீற்று ஒட்டி, சமமாக வெட்டி, “பேர எழுதிக் கொண்டாங்க, பிறகு தைக்கிறன்” என்று தாள்களை என்னிடமே தந்துவிட்டார். வேறொரு ஆலயத்தில் முழுப் பிரதி வாங்கிவந்து, மூன்று இரவு உட்கார்ந்து, கறுப்பு மையில் மெட்டின் பெயரையும் ஆளின் பெயரையும் எழுதினேன்.

இனிக் குறைகள். மூன்று கிழமை என்றவர் ஏழு கிழமை எடுத்தார். நான் கேட்டது கரும்பச்சைத் துணி, வந்தது மண்சிவப்பு. முதுகில் பொன்னெழுத்துப் போடும் வசதி அவரிடம் இல்லை. கூலி 16,500 ரூபா. எங்கள் சபைக்கு அது சின்னத் தொகை இல்லை. கொயர் பிள்ளைகள் பகிர்ந்து கொடுத்தார்கள். நானூற்றுச் சொச்சம் தாளைக் கையால் இணைத்த வேலைக்கு அது கூடுதல் என்று நான் சொல்லமாட்டேன். கம்பஸ் ஆய்வறிக்கை, அவசர வேலை என்றால் இங்கே போகாதீர்கள், நாள் தவறும். பழைய வேதாகமம், பாட்டுப் புத்தகம், குடும்பக் கொப்பி என்றால் தயங்காமல் கொடுக்கலாம்.

போன ஞாயிறு ஸ்டாண்டில் வைத்து நைசீயா பக்கத்தைத் திறந்தேன். கிளிப் போடவில்லை. நான்கு அடி முடியும்வரை பக்கம் அசையவில்லை.

கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறது, வெள்ளி மதியம் பூட்டு. உங்கள் புத்தகத்தில் செலோடேப் ஒட்டியிருந்தால் நீங்களாக உரிக்க வேண்டாம், அப்படியே கொண்டுபோங்கள். உதிர்ந்த துண்டுகள் இருந்தால் அதையும் ஒரு கடித உறையில் போட்டுக் கொடுங்கள், பெயருள்ள துண்டாக இருந்தால் நானா அதைத் தேடிப் பிடித்து ஒட்டிவிடுவார்.