கமகுரா போட்டோ நடை: 36,000 யென் போச்சு

போன சனிக்கிழமை நடந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஜூனில் கமகுராவுக்குக் கேமராவோடு கிளம்புகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஊரிலிருந்து தம்பி வந்திருந்தான், புதுக் கேமராவும் கையுமாக. டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான், நாங்களே போயிருக்கலாம். ஆனால் ஒரு சுற்றுலா முன்பதிவுத் தளத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. உள்ளூர்ப் புகைப்படக்காரருடன் ஆறு மணி நேர நடை, நாலு பேருக்கு மேல் கிடையாது. ஹோகோகுஜி மூங்கில் தோப்பு, ஹசெதெரா கோயிலின் ஹைட்ராஞ்சியா பூக்கள், பெரிய புத்தர், கடலோர ரயில்வே கிராசிங், முடிவில் இனாமுராகசாகி முனையிலிருந்து ஃபூஜி மலை. ஆளுக்கு 18,000. இரண்டு பேருக்கு 36,000 யென்.

நான் விழுந்த இடம் இதுதான். முந்தின இரவு அந்த ஆளே செய்தி அனுப்பினார். "என்ன லென்ஸ் வைத்திருக்கிறீர்கள்? கோயில்களில் முக்காலி விடமாட்டார்கள், வீணாகச் சுமக்காதீர்கள். மூங்கில் தோப்பு இருட்டாக இருக்கும்." இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறவர் ஏமாற்றுவாரா? ஜூன் மழைக்காலத்தில் ஃபூஜி தலைகாட்டுவதே அபூர்வம் என்பது இங்கே குடியிருக்கும் எனக்குத் தெரியாதா? தெரியும். லென்ஸ் பேச்சில் மறந்துபோச்சு.

நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். நாலு பேர் அல்ல, பதினொரு பேர். முதல் வேலையாக எல்லாருடைய முன்பதிவு க்யூஆர் கோடையும் ஸ்கேன் செய்தார். வருகைப் பதிவாம். மூங்கில் தோப்பு, "கூட்டமாக இருக்கும்" என்று காலி. ஹசெதெராவில் பூப்பாதைக்குக் காத்திருக்க வேண்டும் என்றதும் வாசலோடு திரும்பினோம். புத்தர் முன்னால் அவர் தந்த விளக்கம், "வெண்கலம், ரொம்பப் பழசு." 13ஆம் நூற்றாண்டுச் சிலை, 11 மீட்டருக்கு மேல் உயரம், மண்டபம் அழிந்து ஐந்நூறு வருடத்துக்கு மேலாக வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் நான் தம்பிக்குச் சொன்னது. 36,000 யென் கொடுத்து நானே வழிகாட்டி!

"ஒரு மணிக்குக் கிராசிங்கில் சந்திப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். எனோடென் ரயிலில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தோம். ஒரு கூடைப்பந்து அனிமேயால் பிரபலமான இடம் அது, சாலையில் நிற்காதீர்கள் என்று காவலாளிகள் விரட்டிக்கொண்டே இருந்தார்கள். இரண்டரை மணிக்குத் தம்பி சொன்னான்: "அண்ணா, அந்த ஆள் வரமாட்டான். வா, சாப்பிடப் போலாம்."

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. அவருக்கு அனுப்பிய செய்தி, படித்ததாகக் காட்டியது, பதில் இல்லை. தளத்தில் கேட்டால், "வழிகாட்டியைத் தொடர்புகொள்ளுங்கள்." மறுநாள், "உங்கள் கோடு ஸ்கேன் ஆகியிருக்கிறது, ஆகவே சேவை நிறைவேறிவிட்டது." அந்த வருகைப் பதிவு எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் முறை, "கூட்டம், வானிலை காரணமாகத் திட்டம் மாறலாம்." கடைசியில் பெரிய மனது வைத்து 1,000 யென் கூப்பன், அடுத்த நடைக்கு! போனது 36,000.

சரி, கவனிக்க வேண்டியவை. நடை முடியும்வரை ஸ்கேன் செய்ய விடாதீர்கள். 2018 முதல் ஜப்பானில் காசு வாங்கி வழிகாட்ட உரிமம் கட்டாயமில்லை, அதனால் உரிமம் உண்டா என்று கேளுங்கள். ஜூனில் ஃபூஜி காட்டுகிறேன் என்பவரை நம்பாதீர்கள். மற்றதை இன்னொரு நாள் எழுதுகிறேன். பணத்தைத் திரும்பப் பெற கார்டு கம்பெனி கேட்ட படிவத்தை இன்றே அனுப்ப வேண்டும். கிராசிங்கில் காத்து நின்றபோது தம்பி எடுத்த படங்களில் நேரம் பதிவாகியிருக்கிறது, அவற்றையும் இணைக்கிறேன்.