மட்டக்களப்புக்குக் கரைவழியா, ஹபரணை வழியா?

திருகோணமலையிலிருந்து பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் மட்டக்களப்புக்குப் புறப்படுவோருக்கு, மூதூர், வெருகல், வாகரை ஊடாகச் செல்லும் ஏ15 கரையோர வீதியையே நான் முதலில் சொல்வேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை படகுப்பாதைக்காகக் காத்துக் கிடந்த துறையை இன்று சில நிமிடங்களில் கடந்து, வெருகல் முருகனைக் கும்பிட்டு, பனிச்சங்கேணிப் பாலத்தில் களப்புக் காற்று முகத்தில் அடிக்கப் போகும் சுகம் தனியானது. ஆனால் நெடுந்தூரத்துக்கு நிழலோ ஒழுங்கான கழிப்பறையோ கிடைப்பது அரிது. அம்மம்மாமாருக்கு அது பெருஞ்சிரமம்.

கந்தளாய், ஹபரணை, பொலன்னறுவை வழி நெடுஞ்சுற்று. எனினும் கந்தளாயில் சட்டித்தயிர் வாங்கலாம், சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை, பொலன்னறுவையில் சோழர் காலச் சிவாலயத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பொழுதுபட்டபின் ஹபரணைக் காட்டில் யானைகள் வீதிக்கு ஏறுமாதலால், இவ்வழியே போவோர் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும்.