விரால் பிடிக்க பெயிட்காஸ்டர்: கம்மி விலையில் எது தேறும்?

ஏரிக்கரையில் ஸ்பின்னிங் ரீலோடு நிற்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் பெயிட்காஸ்டர் (வீசும்போது ஸ்பூலே, அதாவது லைன் சுற்றிய உருளையே, சுழலும் ரீல்) ஆசை வந்துவிடும். அல்லி இலைக்கு நடுவே ஒரு முழ அகல இடைவெளியில் தவளை லூரை (போலி இரையை) விழவைப்பதும், கடித்த விராலைக் கொடியோடு சேர்த்துப் பிடுங்கி எடுப்பதும் அதில் சுலபம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் பெட்டியைத் திறந்து, அதிகம் வீசுகிற லூரின் எடையைப் பாருங்கள். 10 கிராமுக்கு மேல் என்றால் மேலே படிக்கலாம். நம் ஊர்க் கடைகளில் நிறையத் தொங்கும் 6, 7 கிராம் குட்டி ரப்பர் தவளைதான் உங்கள் ஆயுதம் என்றால், கம்மி விலை பெயிட்காஸ்டர் உங்களுக்கு வேண்டாம். அதே காசுக்கு நல்ல ஸ்பின்னிங் செட் வாங்குங்கள், நிம்மதியாக இருக்கும்.

காரணம் ரீலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் அசையாது. லைன் சுருள் சுருளாகக் கழன்று போகும். பெயிட்காஸ்டரில் ஸ்பூலே சுழல வேண்டும், அதைச் சுழற்றுகிற வேலை லூருடையது. எடை இல்லாத லூரால் அது முடியாது. இன்னொரு பக்கம், பறந்துகொண்டிருக்கும் லூர் காற்றில் வேகம் குறையும்போது ஸ்பூலும் கூடவே குறைய வேண்டும். குறையவில்லை என்றால் போக இடமில்லாத லைன் ஸ்பூலுக்குள்ளேயே பொங்கிச் சிக்காகும். ஆகவே நீங்கள் காசு கொடுத்து வாங்குவது முக்கியமாக இரண்டு விஷயங்களை: லேசான ஸ்பூல், அதை அடக்குகிற பிரேக். பெட்டியில் அச்சிட்டிருக்கும் மற்றதெல்லாம் அப்புறம்தான்.

சந்தையில் இருக்கிறதை நான் மூன்று படியாகப் பிரித்துக்கொள்வேன். முதல் படி, பெயர் தெரியாத ரீலும் ராடும் சேர்த்து விற்கிற காம்போ. இரண்டாவது, அமெரிக்காவில் 40 முதல் 60 டாலருக்குள் விற்கிற காஸ்ட்கிங் ராயல் லெஜண்ட் வரிசையும் அபு கார்சியா பிளாக் மேக்ஸும். மூன்றாவது, அங்கே 100 டாலருக்கு அறிமுகமான ஷிமானோ எஸ்.எல்.எக்ஸும் டைவா ஃப்யூகோ சி.டி.யும். இங்கே இறக்குமதிச் செலவு சேர்ந்து விலை ஏறும், கடைக்குக் கடை மாறவும் செய்யும். ஆனாலும் மூன்றாவது படிக்கு இரண்டாவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தர வேண்டியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெயரில்லாத காம்போவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அதன் ஸ்பூல் கனமாக இருக்கும், பிரேக் டயலை 1-இல் வைத்தாலும் 10-இல் வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பழகுவதற்கு இது போதுமே என்று சொல்லிக்கூட விற்பார்கள். உண்மையில் புதிதாகப் பழகுகிறவருக்குத்தான் நல்ல பிரேக் தேவை. கை பழகியவர் எந்த ரீலையும் கட்டைவிரலால் சமாளித்துவிடுவார்.

இரண்டாவது படியில்தான் பெரும்பாலானவர்கள் நிற்கப்போகிறோம். பிளாக் மேக்ஸ் எளிமையான ரீல்: 6.4:1 கியர் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 6.4 சுற்று), 4+1 பேரிங் (+1 என்பது கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுப்பது), கிராஃபைட் சட்டம், பக்கத்தில் டயலோடு காந்த பிரேக். (அபு என்பது ஸ்வீடனின் ஸ்வாங்ஸ்டா ஊரில் 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கிய பழைய கம்பெனி. 1950-களில் வந்த அவர்களுடைய அம்பாசடர் ரீலை இன்னும் வைத்திருக்கிற பெரியவர்கள் உண்டு. அந்த உலோகக் கட்டுமானத்தை இந்த விலையில் எதிர்பார்க்கக் கூடாது.) ராயல் லெஜண்ட் 2-இல் 5.4:1, 7.2:1 என்று இரண்டு கியர் வகை உண்டு, 5+1 பேரிங். கையில் எடுத்தால் காஸ்ட்கிங் கொஞ்சம் வேகமாகவும் பகட்டாகவும் தெரியும், பிளாக் மேக்ஸ் கொஞ்சம் மந்தமாகத் தெரியும். அந்த மந்தம் புதியவருக்கு நல்லதே. காந்த பிரேக்கை முக்கால்வாசிக்கு ஏற்றிவைத்து வீசினால் தூரம் குறையும், சிக்கும் குறையும். கை பழகப் பழக டயலை இறக்கிக்கொண்டே வரலாம்.

பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். ராயல் லெஜண்டின் முதல் பதிப்பு 11+1 பேரிங் என்று விளம்பரம் செய்யப்பட்டது; அடுத்த பதிப்பில் அது 5+1 ஆனது. அவற்றைவிட விலை கூடிய எஸ்.எல்.எக்ஸில் இருப்பது வெறும் 3+1. வீசும்போது தூரத்தைத் தீர்மானிப்பது ஸ்பூலின் இரு முனையைத் தாங்குகிற பேரிங்குகள்தான். மற்றவை கைப்பிடி, கியர் அச்சு போன்ற இடங்களில் உட்கார்ந்திருக்கும். சுற்றும்போது மெத்தென்று இருக்க அவை உதவும். லூரை ஓரடிகூடக் கூடுதலாகக் கொண்டுபோகாது.

மூன்றாவது படிக்குக் கூடுதல் காசு கேட்பதன் நியாயம் பிரேக்கில் தெரியும். சாதாரணக் காந்த பிரேக்கில் காந்தம் ஓரிடத்தில் நிற்கும். சுழல்கிற அலுமினிய ஸ்பூலில் அது உண்டாக்கும் மின்சுழலே எதிர்விசையாக வேலைசெய்கிறது. டயலை ஏற்றினால் தொடக்கம் முதல் கடைசி வரை அந்தப் பிடி கூடவே வரும், தூரம் குறையும். டைவாவின் மேக்ஃபோர்ஸ் இசட் ஏற்பாட்டில், ஸ்பூல் வேகமெடுக்கும்போது ஒரு சிறு உலோக வளையம் காந்தத்துக்குள் நகர்ந்து பிடியைக் கூட்டும், வேகம் குறைந்ததும் பின்வாங்கும். ஷிமானோவின் எஸ்.வி.எஸ். இன்ஃபினிட்டியில் காந்தமே கிடையாது. சுழற்சி வேகத்தில் குட்டிக் கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு உரசுகின்றன. வீச்சின் ஆரம்ப வேகத்தை அது நன்றாக அடக்கும், கடைசியில் விட்டுவிடும். தூரம் போகும், ஆனால் லூர் தண்ணீரைத் தொடும் நொடியில் கட்டைவிரல் ஸ்பூலில் இருந்தாக வேண்டும். எதிர்க்காற்று அடிக்கிற திறந்த ஏரியில் டைவா, மரத்தடியில் ஒதுங்கிய குளத்தில் ஷிமானோ, இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்க முடியாதவருக்கு டைவா. இது என் அபிப்பிராயம், ஷிமானோ பிரியர்கள் சண்டைக்கு வரலாம்.

சரி, இரண்டு மடங்கு கொடுக்கலாமா? வாரம் தவறாமல் போகிறவர், 8 முதல் 20 கிராம் வரை பலவகை லூர் மாற்றுகிறவர் என்றால் கொடுக்கலாம். மாதம் ஒருமுறை கண்மாய்க்குப் போய் 12 கிராம் தவளையை மட்டும் வீசுகிறவருக்குப் பிளாக் மேக்ஸ் போதும். அவர் மிச்சக் காசை ராடிலும் லைனிலும் போடட்டும்.

எந்த ரீலானாலும் முதல் நாள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். லூரைக் கட்டி, ராடைக் கிடையாகப் பிடித்து, கட்டைவிரல் பட்டனை அழுத்துங்கள். கைப்பிடி ஓரமுள்ள சிறு திருகை, லூர் மெதுவாக இறங்குகிற அளவுக்கு இறுக்குங்கள். லூர் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகும் சுற்றினால் இன்னும் கொஞ்சம் இறுக்கணும். லூரை மாற்றினால் இதையும் மறுபடி பார்க்கணும். பிரேக் டயலுக்கு அதன் பிறகே போக வேண்டும். அப்படியும் சிக்கு விழும். விழுந்தால் நகத்தால் நோண்டாதீர்கள். டிராகை (மீன் பலமாக இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் பிடி) முழுக்க இறுக்கி, கட்டைவிரலை ஸ்பூல் மேல் பலமாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிறகு பட்டனை அழுத்தி லைனை மெல்ல இழுத்தால் பாதிக்கு மேல் சிக்கு தானாகவே அவிழும்.

கியர் விஷயத்துக்கு வருவோம். லைன் நிறைந்த ஸ்பூலின் விட்டம் 33 மி.மீ. என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 6.4:1 ரீல் ஏறக்குறைய 66 செ.மீ., 7.2:1 ரீல் 75 செ.மீ. இழுக்கும். தவளையைக் கவ்விய விரால் சில சமயம் நம்மை நோக்கியே ஓடிவரும். அப்போது தொய்வைச் சட்டென்று எடுத்தால்தான் ஊசி பதியும், அந்த 9 செ.மீ. அங்கே உதவும். இது கூடுதல் வசதி மட்டுமே, 6.4-ஐ வைத்துக்கொண்டு கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலும் நடக்கும். 5.4 மட்டும் தவளைக்கு ஆகாது. ஆழத்தில் இழுவை கூடிய லூரை மெதுவாக இழுக்கிறவருக்கு அது.

டிராக் 8 கிலோ என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். நம் கண்மாய் விரால் ஒன்று ஒன்றரைக் கிலோ இருந்தால் பெரிய விஷயம். பாசியோடும் ஆகாயத்தாமரையோடும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் டிராகை இறுக்கியே வைப்போம், அதற்கு 4, 5 கிலோ தாராளம். மலேசிய அணைகளில் தோமான் (விரால் இனத்தின் ராட்சத மீன்) பிடிக்கிற நம்மவர்களின் கணக்கு வேறு. அந்த மீனுக்கு கிராஃபைட் சட்டம் நெளியும், அலுமினியச் சட்டமுள்ள ரீலே சரி.

எந்தக் கைக்கு என்பதை மறந்துவிட்டு வாங்குகிறவர் நிறைய. ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம், பெயிட்காஸ்டரில் முடியாது. வலக்கையால் வீசி இடக்கையால் சுற்றிப் பழகியவர் இடக்கை மாடலையே கேட்டு வாங்குங்கள். ஷிமானோ எஸ்.எல்.எக்ஸில் 150 வலக்கைக்கு, 151 இடக்கைக்கு. டைவாவில் மாடல் எண்ணின் கடைசியில் ‘எல்’ இருந்தால் இடக்கை. கடைக்காரர் கையிருப்பில் வலக்கை மட்டுமே இருந்தால் ‘பழகிடும் சார்’ என்பார். பழகுவதற்குள் பருவம் முடிந்துவிடும்.

ராடில் இரண்டு கட்சி. ஒரு பக்கம் அக்லி ஸ்டிக் ஜி.எக்ஸ்.2: கண்ணாடி இழையும் கிராஃபைட்டும் கலந்தது. வளையங்கள் ஒரே துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உள்ளே உடைந்து விழப் பீங்கான் கிடையாது. 1976-இலிருந்து இந்தப் பெயர் உடையாமைக்குத்தான் பேர்போனது. பைக்கில் கட்டி, பஸ் கூரையில் ஏற்றி, கல்லில் சாய்த்து வைக்கிறவருக்கு ஏற்றது. குறை அதன் கனமும் மந்தமும்: மாலையில் மணிக்கட்டு வலிக்கும், லூரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிற மீன் கைக்குத் தெரியாது. மறுபக்கம் காஸ்ட்கிங் பெரிஜி 2 மாதிரி கார்பன் ராடுகள். அவை லேசு, கூர்மை. ஆனால் கதவிடுக்கில் ஒருமுறை மாட்டினால் கதை முடிந்தது. பெரிஜியின் சில மாடல்களில் ஒரே அடிக்கட்டைக்கு மீடியம், மீடியம் ஹெவி என்று இரண்டு விறைப்பில் நுனி தருகிறார்கள், கம்மி பட்ஜெட்டுக்கு அது லாபம். தவளைக்கு என்றால் நான் கார்பன் பக்கம். கடித்தவுடன் இழுக்காமல் ஒரு நொடி பொறுத்து, தொய்வை எடுத்துவிட்டு, ஓங்கி இழுக்க வேண்டிய வேலை அது. விறைப்பான ராடு அதைச் சுத்தமாகச் செய்யும். ஆறரை முதல் ஏழு அடி, மீடியம் ஹெவி, நுனிப்பக்கம் மட்டும் வளையும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன், லூர் எடை 10 முதல் 30 கிராம் வரை என்று ராடிலேயே எழுதியிருக்கும். எழுதாத ராடைத் தொடவே வேண்டாம்.

லைனில் கஞ்சத்தனம் கூடாது. 40 பவுண்டு தாங்கும் பிரெய்ட் (பின்னல் லைன்) போடுங்கள். 15, 20 பவுண்டு மெல்லிசு பிரெய்ட் ஓங்கி இழுக்கும்போது ஸ்பூலில் இருக்கும் சுற்றுகளுக்குள் புதைந்துகொள்ளும், அடுத்த வீச்சு பாதியில் நின்று லூர் அறுந்து பறக்கும். அடியில் சில மீட்டர் நைலான் நரம்பு சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்ட் சுற்றவும், இல்லாவிட்டால் மொத்தச் சுற்றும் ஸ்பூலில் வழுக்கும். டிராக் கெட்டுவிட்டது என்று ரீலைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை.

கடையில் ராடை வாங்கும்போது ஒரு துளி பஞ்சு கேட்டு வாங்கி, பீங்கான் வைத்த ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு எடுங்கள். விரிசல் இருந்தால் பஞ்சு இழை மாட்டும். அந்த வளையம் புது பிரெய்டை ஒரே நாளில் நார் நாராக்கிவிடும். மாட்டினால் வேறு ராடு எடுக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.