கட்டைவிரலுக்கு மாறிய ஃபோகஸ்: டி7200 கேமராவில் பேக் பட்டன் ஃபோகஸ் அனுபவம்

டிஜிட்டல் கேமராவின் ஷட்டர் பொத்தான் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுவதும் அழுத்தினால் படம். இவற்றுள் முதல் வேலையை ஷட்டரிடமிருந்து எடுத்து, கேமராவின் பின்புறத்தில் வலக்கைக் கட்டைவிரல் படியும் இடத்திலுள்ள ஒரு பொத்தானிடம் ஒப்படைப்பதைத்தான் பேக் பட்டன் ஃபோகஸ் என்கிறார்கள். இது அண்மைக் காலத்துப் புதுமை அன்று. 1989இல் வெளியான கேனன் இஓஎஸ் 630 ஃபிலிம் கேமராவிலேயே இதற்கு வழி இருந்தது. 1996இல் வந்த நிக்கான் எஃப்5 கேமராவில் இதற்கெனவே தானியங்கி ஃபோகஸை (ஏஎஃப்) இயக்கும் ஏஎஃப்-ஆன் என்ற தனிப் பொத்தான் இருந்தது. விளையாட்டுப் படங்கள் எடுப்போர் நெடுங்காலமாகக் கையாளும் இம்முறையைப் பறவைப் படங்களுக்காகவே நான் முதலில் எடுத்துக்கொண்டேன். பிறகு மேடை நிகழ்ச்சிகளுக்கும் திருமணங்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

என்னிடமிருப்பது நிக்கான் டி7200. அதனோடு 200-500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும். சில ஆண்டுகளாக இம்முறையை மட்டுமே கையாண்டு வந்ததில் எனக்குத் தெளிவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேக் பட்டன் ஃபோகஸால் படம் கூர்மையாகும் என்றும் ஃபோகஸ் விரைவாகக் கிடைக்கும் என்றும் பலர் பரிந்துரைப்பதை நான் ஏற்கவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இயங்குவது அதே மோட்டார், அளப்பது அதே சென்சார். ஃபோகஸ் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற முடிவு, படம் எப்போது விழ வேண்டும் என்ற முடிவிலிருந்து பிரிந்துவிடுகிறது என்பதே இதில் கிடைக்கும் பயன். அந்தப் பிரிவு தேவைப்படாத படங்களை எடுப்பவருக்கு இது வீண் சிரமம்.

டி7200இல் ஏஎஃப்-ஆன் என்று எழுதிய பொத்தான் கிடையாது. வியூஃபைண்டருக்கு வலப்பக்கம் உள்ள ஏஇ-எல்/ஏஎஃப்-எல் பொத்தானுக்கு, கஸ்டம் செட்டிங்ஸின் கன்ட்ரோல்ஸ் பிரிவில் ஏஎஃப்-ஆன் வேலையை ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய உடனேயே ஷட்டர் பொத்தான் ஃபோகஸ் செய்வதை நிறுத்திக்கொள்ளும். அதற்கென வேறொரு அமைப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொத்தான் அதுவரை செய்துவந்த எக்ஸ்போஷர் பூட்டு, அதாவது வெளிச்ச அளவை மாறாமல் நிறுத்தும் வேலை, பறிபோகிறது. கஸ்டம் செட்டிங்ஸில் ஷட்டர் பொத்தானுக்கான ஏஇ-எல் (எக்ஸ்போஷர் பூட்டு) அமைப்பை இயக்கினால் அது வேறு வழியில் திரும்பி வருகிறது. அதன்பின் ஷட்டரைப் பாதி அழுத்தினால் எக்ஸ்போஷர் பூட்டப்படும், கட்டைவிரலை அழுத்தினால் ஃபோகஸ் நடக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இருண்ட மேடையில் ஒற்றை விளக்கின் கீழ் ஆடுபவரைப் படமெடுக்கையில் இந்தப் பங்கீட்டின் அருமை தெரியும்.

இத்தோடு ஃபோகஸ் முறையை ஏஎஃப்-சியில், அதாவது தொடர் ஃபோகஸில், நிலையாக வைத்துவிட வேண்டும். ஏஎஃப்-எஸ்ஸிலேயே, அதாவது ஒருமுறை பிடித்து நிற்கும் ஃபோகஸிலேயே, இருந்துகொண்டு பின்பொத்தானுக்கு மாறியவர்கள் சிலர், பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்று கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னது பெரிதும் சரியே. ஏஎஃப்-சியில் கட்டைவிரல் அழுத்தியிருக்கும்வரை கேமரா அசையும் பொருளைத் தொடர்கிறது. விரலை எடுத்தால் ஃபோகஸ் அந்தத் தூரத்திலேயே நின்றுவிடுகிறது. ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பி ஒரு நூலளவு சரிசெய்துவிட்டுப் படமெடுத்தாலும், ஷட்டர் அந்தத் திருத்தத்தைக் கலைப்பதில்லை. தொடர்வது, நிறுத்துவது, கையால் திருத்துவது என்ற மூன்று முறைகளுக்கு மூன்று இடங்களில் சுவிட்சைத் தள்ளிய காலம் போய், மூன்றும் ஒரே விரலின் அழுத்தத்தில் அடங்கிவிடுகின்றன.

பள்ளிக்கரணைச் சதுப்பில் கோரைக்கு நடுவே நடக்கும் நீலத் தாழைக்கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். பறவை இரண்டடி நடந்து நிற்கும். அதற்கும் லென்ஸுக்கும் இடையே ஒரு கோரைத் தாள் காற்றில் வந்து போகும். ஷட்டரிலேயே ஃபோகஸ் இருக்கும்போது ஒவ்வொரு முறை பாதி அழுத்தும்போதும் கேமரா புதிதாகத் தேடத் தொடங்கி, பாதி நேரம் கோரையைப் பிடித்துக்கொள்ளும். 500 மி.மீட்டரில் அப்படி முன்னால் ஓடிய ஃபோகஸ் பறவைக்குத் திரும்பி வருவதற்குள் பறவை தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும். பின்பொத்தானிலோ, பறவை நின்ற கணத்தில் ஃபோகஸைப் பிடித்து விரலை எடுத்துவிட்டால் போதும். கோரை எத்தனை முறை குறுக்கிட்டாலும் கேமரா அதைப் பொருட்படுத்தாது. பறவை மீண்டும் அடியெடுத்து வைத்தால் கட்டைவிரல் மீண்டும் கீழே போகும்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தியிடம் இதற்கு நேர்மாறான தேவை. அது நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும்போது கட்டைவிரல் அழுத்தியபடியே இருக்கும், ஆள்காட்டி விரலோ எதுவும் செய்யாமல் காத்திருக்கும். பறவை தலைகீழாகப் பாயத் தொடங்கும் கணத்தில் ஷட்டர் மட்டும் விழுகிறது. ஆள்காட்டி விரலைப் பாதி அழுத்தத்திலேயே நெடுநேரம் நிறுத்திவைக்கும் நடுக்கம் இதில் இல்லை. (உண்மையில் எனக்கு மிகப் பெரிய ஆறுதலாக இருந்தது இதுதான் என்று சொல்லலாம், கனமான லென்ஸைக் கையில் ஏந்தி நிற்பவருக்கு இது புரியும்.) பஞ்சுருட்டான் பறவை பூச்சி பிடித்தபின் பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பி வரும். முக்காலியில் கேமராவை நிறுத்தி, கிளையில் ஒருமுறை ஃபோகஸ் செய்து விரலை எடுத்துவிட்டு, ரிமோட் வயரைக் கையில் வைத்துக் காத்திருக்கலாம். ரிமோட் பொத்தான் படமெடுக்க மட்டுமே செய்யும். வெற்றுக் கிளையில் மீண்டும் ஃபோகஸைத் தேடி அலையாது.

திருமணத்தில், தாலி கட்டும் நேரத்தில் மணமேடைக்கு முன்னால் கைகளும் தட்டுகளும் அட்சதையும் செல்பேசிகளும் எப்படிக் குறுக்கிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மணமக்கள் நாற்காலியிலோ மணையிலோ அமர்ந்திருப்பதால் அவர்களது தூரம் மாறுவதில்லை. முன்னரே ஃபோகஸ் செய்து கட்டைவிரலை விலக்கிக்கொண்டால் குறுக்கே வரும் கைக்கு லென்ஸ் தாவாது. பரதநாட்டிய மேடையில் தீர்மானம் எனப்படும் வேகமான அடவுத் தொடரின் ஓட்டம் முழுவதும் கட்டைவிரலை அழுத்தி, ஆடுபவர் இறுதி நிலையில் நிற்கையில் அவ்விரலை எடுத்துவிடுவேன்.

இனி, குறைகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பரிந்துரைப்போர் பலர் இவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

முதலாவது, விரல் பழகும் காலம். முதல் சில வாரங்கள் மனம் ஷட்டரிடமே ஃபோகஸை எதிர்பார்க்கும். ஏஎஃப்-சியில் இயல்பான அமைப்பு ஷட்டருக்கே முன்னுரிமை தருவதால், ஃபோகஸ் இல்லாவிட்டாலும் கேமரா மறுப்பின்றிப் படத்தை எடுத்துவிடும். ஆகவே ஊதியம் வாங்கும் நிகழ்ச்சியில் இதைப் பழகத் தொடங்குவது நல்லதன்று. மொட்டை மாடிக்கு வரும் காக்கைகள் நல்ல பயிற்சிப் பொருள்: அவை நிற்கும், நடக்கும், சொல்லாமல் பறக்கும், நாள் தவறாமல் வரும்.

இரண்டாவது, ஒரே கட்டைவிரலுக்கு இரண்டு வேலைகள். டி7200இன் 51 ஃபோகஸ் புள்ளிகளில் எதைத் தேர்வதென்றாலும் பின்புறத் திசைப் பொத்தானைத்தான் நகர்த்த வேண்டும். அதுவும் அதே கட்டைவிரலின் வேலை. ஃபோகஸைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே புள்ளியை நகர்த்த இயலாது. ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போய்த் திரும்ப வேண்டும். பறக்கும் பறவைக்கு நடுப்புள்ளியையும் அதைச் சூழ்ந்த புள்ளிகளும் துணைக்கு வரும் டைனமிக் ஏரியாவையும் நம்பி இதைச் சமாளிக்கிறேன். இடக்கண்ணால் வியூஃபைண்டரைப் பார்ப்பவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: கட்டைவிரல் நேராக முகத்திலேயே இடிக்கும்.

மூன்றாவது, அதிர்வுத் தடுப்பு. நிக்கான் லென்ஸ்களில் விஆர் வசதி ஷட்டரைப் பாதி அழுத்தும்போது விழிக்கிறது. ஏஎஃப்-ஆன் அதை எழுப்புவதில்லை. கட்டைவிரலை மட்டும் அழுத்திப் பறவையைத் தொடரும்போது வியூஃபைண்டரில் காட்சி ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே, கைப்பிடியில் எடுக்கும்போது, மீன்கொத்தியிடம் நான் சொன்ன ஆறுதல் குறைந்து, ஷட்டரையும் பாதி அழுத்தி வைக்கும் பழக்கம் திரும்பவும் வந்து சேர்கிறது. ஷட்டருக்கு எக்ஸ்போஷர் பூட்டை ஒதுக்கியிருந்தால் அப்போது அதுவும் பூட்டிக்கொள்ளும் என்பதால், வெளிச்சம் மாறும் வெளியிடங்களில் அந்த அமைப்பை அணைத்தே வைக்கிறேன்.

நான்காவதை ஒரு பொறி என்றே சொல்வேன். ஃபோகஸ் அசையாமல் நிற்கிறது என்ற தைரியத்தில், நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைக்கத் தூண்டும். தொலைவிலுள்ள பொருளுக்கு இதனால் கெடுதல் இல்லை. ஆனால் 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8இல் திறந்து வைத்து, ஒரு மீட்டர் தொலைவிலுள்ள முகத்தில் ஃபோகஸ் செய்து, கேமராவை 10 பாகை திருப்பினால், ஃபோகஸ் தளம் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் போய் விழும். டி7200 போன்ற ஏபிஎஸ்-சி (ஃபிலிம் சட்டகத்தை விடச் சிறிய) சென்சாரில் அந்த அமைப்பில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 3 சென்டிமீட்டர்தான். ஃபோகஸ் தளத்துக்கு முன்பக்கம் கிடைப்பது அதில் ஏறத்தாழப் பாதி. விளைவாக இமை மங்கி, கண்ணுக்குச் சற்றுப் பின்னாலுள்ள பகுதி கூர்மையாக வரும். முகப் படங்களுக்குக் கண்மேல் விழும் புள்ளியைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதே சரி.

கேமராவைப் பிறர் கையில் கொடுக்கும் சிக்கலுக்கு நல்ல தீர்வு உண்டு. உறவினர் ஒருவர், “அண்ணா, நீங்களும் போய் நில்லுங்க, நான் எடுக்கிறேன்” என்று கேமராவை வாங்கினால், அவருக்குப் பின்பொத்தானைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க முடியாது. டி7200இன் மோட் டயலில் யூ1, யூ2 என்ற இரண்டு நினைவிடங்கள் உள்ளன. அவற்றில் கஸ்டம் செட்டிங்ஸும் சேர்ந்தே பதிவாகின்றன. பின்பொத்தான் அமைப்பை யூ1இலும், வழக்கமான ஷட்டர் ஃபோகஸை யூ2இலும் பதிந்து வைத்திருக்கிறேன். டயலை ஒரு சொடுக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

கேனன் பயன்படுத்துவோரில் தொடக்கநிலை மாடல்கள் வைத்திருப்பவர்கள், கஸ்டம் ஃபங்ஷன்ஸில் ஷட்டர்/ஏஇ லாக் பொத்தான் என்ற வரியைத் தேட வேண்டும். அங்கே ஃபோகஸ் வேலை நட்சத்திரக் குறியிட்ட பொத்தானுக்குப் போகும். முழுத் தானியங்கி முறைகளில் இந்த மாற்றம் செல்லாது என்பதால், பி (புரோகிராம்), ஏவி (துளை முன்னுரிமை) போன்ற முறைகளில் வைத்தே சோதிக்க வேண்டும். சோனியில் ஷட்டரோடு ஏஎஃப் என்ற அமைப்பைத் தனியாக அணைக்க வேண்டும்.

கண்ணைத் தானே கண்டறிந்து தொடரும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களுக்கு இது இன்னும் தேவையா என்று கேட்பவர்களுக்கு என் விடை, எதைப் படமெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. குழந்தைகள், முகங்கள், திறந்தவெளியில் பறக்கும் பெரிய பறவைகள் ஆகியவற்றுக்கு ஷட்டரிலேயே ஃபோகஸை விட்டுவிடலாம். கேமராவே கண்ணை விடாது. கோரைக்குள் மறையும் பறவைக்கும், கைகள் குறுக்கிடும் மணமேடைக்கும், முக்காலியில் காத்திருக்கும் கிளைக்கும் பின்பொத்தானின் பயன் குறையவில்லை. அத்தகைய கேமராக்களில் ஏஎஃப்-ஆனுக்குக் கண் தொடர்தலையும், அதன் அருகிலுள்ள பொத்தானுக்கு ஒற்றைப் புள்ளியையும் ஒதுக்கிக்கொள்ள முடியுமானால், நான் அப்படித்தான் வைத்துக்கொள்வேன்.